கை வைக்காமல் ஆறிய புண்

இந்த ஊரில் கறுத்த புண்ணோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுச்சா?" உங்களுக்கு முன்னால் இந்தக் கேசுவாலிட்டி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். நானும் கேட்டேன். வடக்குத்தைத் தாண்டினால் பண்ருட்டி வரைக்கும் முந்திரித் தோப்புதான். வீட்டுக்கு ஒருவராவது கொட்டை உடைக்கப் போகிறார்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். ஊரே ஆமாம் என்று சொல்லும் ஒரு கேள்வியை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அதை எனக்குப் புரியவைத்தவர் அஞ்சலை.

மேற்படிப்புக்காக இந்த வாரத்தோடு கிளம்புகிறேன். ரிட்டையர் ஆனவர்கள் சொல்கிற மாதிரி அறிவுரை சொல்ல எனக்கு வயதும் இல்லை, சர்வீசும் இல்லை. ஆனாலும் டியூட்டி ரூம் சாவியை உங்கள் கையில் கொடுக்கும்போது இந்த ஒரு கேசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறேன். அஞ்சலையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். காடாம்புலியூர் பக்கம் ஒரு முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கிறவர். கணவர் தனபாலுக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. வடக்குத்திலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்தார். வலது முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். நடுவில் கறுத்த பொருக்கு. ஓரம் நாவல்பழ நிறத்தில் தடித்து, அடியில் உள்ளே குடைந்துகொண்டு போயிருந்தது.

"எப்படி ஆரம்பிச்சுது?"

"கொசு கடிச்ச மாதிரி ஒரு கொப்புளம் சார்," என்றார் அஞ்சலை. "கொட்ட எண்ணெ தெறிச்சிருக்கும்னு நெனச்சன். கருத்துச்சி. உரிச்சன். பெருசாச்சி. மறுபடி கருத்துச்சி."

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். முந்திரி ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலைச் சுடும். சுட்ட இடம் கறுத்துத் தடித்து, பிறகு காய்ந்து கிளம்பும். கொட்டை உடைக்கிறவர்கள் அந்தக் கறுத்த தோலை நகத்தால் உரித்துவிட்டு விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். அடியில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். இரண்டு கையும் எண்ணெயாக இருப்பதால் ஒருவர் கையை இன்னொருவர் உரித்துவிடுவதும் உண்டு. என் அம்மாவும் கொட்டை உடைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். அவர் விரல்களை நானே உரித்துவிட்டிருக்கிறேன். கறுத்ததை எடுத்தால்தான் ஆறும் என்பதை நான் மருத்துவக் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே அது என் விரலில் இருந்தது.

அஞ்சலை முதலில் போன இடத்திலும் அதையேதான் செய்தார்கள். கறுத்ததைச் சுரண்டி எடுத்தார்கள், புண் பெருத்தது. பிறகு நம்மிடம் வந்தார். நம் சர்ஜன் சார் தியேட்டருக்குக் கொண்டுபோய், செத்த சதையை எல்லாம் எடுத்து, ரத்தம் கசிகிற நல்ல சதை தெரியும்வரை சுத்தம் செய்தார். ஒழுங்கான வேலை. புத்தகத்தில் படம் போடலாம். இரண்டு மூன்று நாளில் அந்த நல்ல சதையும் கறுத்துவிட்டது. ஓரம் மேலே முழங்காலைப் பார்த்து ஏறியது.

ஒன்றை அப்போதே கவனித்திருந்தோம், ஆனால் அதன் பொருள் எங்களுக்குப் பிடிபடவில்லை. அந்த வலி. முந்திரி எண்ணெய்ப் புண் எரியும். ஆனால் அந்த எரிச்சலோடு பெண்கள் வேலைக்குப் போவார்கள். அஞ்சலைக்குப் படுக்கை விரிப்பு காலில் உரசினாலே உயிர் போனது. புண்ணின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் பொருத்தமே இல்லை.

"பரவிக்கிட்டே போகுது," என்றார் சர்ஜன் சார் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்து. "இன்னும் ஒரு தடவ கிளீன் பண்ணுவோம். அதுக்கும் நிக்கலன்னா முட்டிக்குக் கீழ எடுத்துட வேண்டியதுதான். காலப் பாத்தா ஆள விட்டுடுவோம்."

அவர் அவசரக்காரர் இல்லை. சர்க்கரைப் புண்ணோடு தாமதமாக வந்து உயிரையே விட்டவர்களை நிறையப் பார்த்தவர். அந்தப் பயத்தில்தான் பேசினார். அது நியாயமான பயம்.

கால் எடுக்க வேண்டியிருக்கலாம் என்று அஞ்சலையிடம் சொன்னது நான்தான்.

"கொட்ட உடைக்க கால் வேணாம் சார். குந்திகினா போதும்," என்றார். பிறகு, "ஆனா குந்தறதுக்கு கால் வேணுமே," என்று அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "எம்பொண்ணு பன்னெண்டாவது படிக்கிது. நான் படுத்துட்டா அதத்தான் கம்பெனிக்கு இட்டுகினு போவாங்க."

அன்று மத்தியானம் டிரிப் ஓடவில்லை என்று நர்ஸ் கூப்பிட்டார். வேறு கையில் ஊசி போடலாம் என்று போனேன். பழைய ஊசியை எடுத்த இடத்தில், புறங்கையில், மிளகளவு சீழ்க்கொப்புளம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் ஒரு வளையம். ஊசி இடத்தில் சீழ் பிடிப்பது நமக்குப் புதிதில்லை. பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு மறுகையைத் திருப்பினேன். முழங்கையின் உள்பக்கம், ரத்தப் பரிசோதனைக்காக ஒரே ஒரு முறை குத்திய இடத்தில், அதே கொப்புளம். அதே வளையம்.

ஊசி குத்திய இடத்துக்கு முந்திரி எண்ணெய் எங்கிருந்து வந்தது?

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இதுவரை கேட்காத கேள்விகளைக் கேட்டேன். மூட்டுவலி உண்டா? உண்டு. வயிறு எப்படி?

"அதுக்கு இன்னா?"

"வெளிய போறப்ப ரத்தம் வருதாம்மா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது மூலம் சார். சூட்டு ஒடம்பு. ரொம்ப நாளா வருது. காலுக்குப் போயி வயித்தக் கேக்கறீங்க."

எழுந்து வெளியே வந்து, கல்லூரியில் எனக்குத் தோல் நோய்ப் பாடம் எடுத்த மேடத்துக்கு போன் செய்தேன். இப்போது பாண்டிச்சேரியில் இருக்கிறார். படங்களை அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சுத்தம் பண்ணப் பண்ணப் பெருசாகுதா?"

"ஆமா மேடம்."

"கத்தி வைக்காதீங்க. ஆனா இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு உறுதி பண்ணாம ஸ்டீராய்டும் குடுக்காதீங்க. ரெண்டுல எதுல தப்பு பண்ணாலும் நஷ்டம் அந்தம்மாவுக்குத்தான்."

மேடம் சொன்ன பெயர் பயோடெர்மா கேங்ரினோசம். பரீட்சைக்குப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற பெயர். பெயரைக் கேட்டால் சீழ், அழுகல் என்று தோன்றும். உண்மையில் கிருமியும் இல்லை, அழுகலும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்குகிற அழற்சி நோய் அது. அந்தச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டுதான் அதற்கு மருந்து. குடல் அழற்சியும் மூட்டுவலியும் இருக்கிறவர்களிடம் சில சமயம் கூடவே வரும். அதன் குணம் இதுதான்: எங்கே குத்தினாலும், எங்கே கீறினாலும், எங்கே உரித்தாலும் அங்கே அது புதிதாகப் பிறக்கும். நம் ஊரின் வழக்கமும் நம் தொழிலின் வழக்கமும் ஒன்று சேர்ந்து அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தன.

சர்ஜன் சாரின் அறைக்குள் போகுமுன் வராந்தாவில் கொஞ்சம் நின்றேன். என் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. பெரியவர் ஒருவர் எதிரே நின்று, நீங்கள் நினைப்பது சரியில்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமும் இல்லை. உங்களில் சிலருக்கும் அப்படி இருக்கும். அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன். என் கருத்தைச் சொல்வதை ஒத்திவைத்தேன். முதலில் அஞ்சலையின் இரண்டு கைகளையும் வந்து பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வந்து பார்த்தார். கொப்புளங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொல்லு," என்றார். சொன்னேன்.

"நீ சொல்றது தப்பா இருந்து ஸ்டீராய்டு குடுத்தோம்னு வை. உள்ள இருக்கிற இன்ஃபெக்‌ஷன் ஒரே நாள்ல ரத்தத்துல ஏறிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். நான் சொல்றது சரியா இருந்து நாம காலை வெட்டினா, வெட்டின இடத்துலயும் இது வரும் சார்."

தியேட்டரில் எடுத்த சதையை முன்பே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். லேபுக்கு சர்ஜன் சாரே போன் போட்டு அவசரப்படுத்தினார். கிருமி வளரவில்லை, காளான் இல்லை, காசநோய் இல்லை, புற்றுநோய் இல்லை. அழற்சி அணுக்கள் மட்டும் நிறைய. அந்த ரிப்போர்ட் நோயின் பெயரைச் சொல்லாது. வேறு எதுவும் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். மீதியை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சர்ஜன் சார் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, புண்ணைத் தொடாமல், அதன் ஓரத்தை ஒட்டி நல்ல தோலில் சுற்றிலும் ஒரு கோடு வரைந்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும். கோட்டைத் தாண்டினா தியேட்டர்."

ஸ்டீராய்டை ஆரம்பித்தோம். வார்டில் எல்லோருக்கும் சொன்னேன்: சுரண்டக்கூடாது, தேய்க்கக்கூடாது. உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஒட்டாத துணியை மேலே வைத்தால் போதும். தேவையில்லாமல் ஊசி குத்தக்கூடாது. அஞ்சலையிடம் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது.

"கருத்தத உரிக்காம எப்பிடி ஆறும்? நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இது தெரியாது."

"எங்கம்மாவும் கொட்ட உடைக்கிறவங்கதாம்மா."

"எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள நீ?"

சொன்னேன். என்னை உற்றுப் பார்த்தார். "செல்லம்மா மவனா? செவப்புச் செல்லம்மாவா, வாயாடிச் செல்லம்மாவா?"

"வாயாடி."

"அதான் பேசற," என்றார். "செரி. உரிக்கல."

தனபால் அப்போது ஷிப்டில் இருந்தார்.

அடுத்த நாட்களில் புண்ணைப் பார்ப்பதைவிட அஞ்சலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலிதான் முதலில் குறையும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஒருநாள் காலையில் அவர் விரிப்பைக் கால்மீது தானே இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் டியூட்டி ரூமுக்குப் போய் டீ குடித்தேன்.

திங்கட்கிழமை வந்தது. சர்ஜன் சார் கட்டைப் பிரித்தார். மேல்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் புண் கோட்டைத் தாண்டியிருந்தது.

சர்ஜன் சார் கையுறையைக் கழற்றினார். "தியேட்டருக்குச் சொல்லிடுங்க சிஸ்டர்," என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அஞ்சலை என்னையே பார்த்தார். முதல் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்த தனபால் ஜன்னல் பக்கம் டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த மாதிரி நேரத்தில் கண் ஓர் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தாண்டிய இடத்தை மட்டும்தான் பார்க்கும். நான் மீதிக் கோட்டைப் பார்த்தேன். கீழே, இரண்டு பக்கமும், புண் கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. உள்ளே இருந்தது மட்டுமல்ல; ஓரம் தட்டையாகி, நாவல் நிறம் வெளுத்திருந்தது. மருந்து வேலை செய்யாவிட்டால் சுற்றிலும்தானே பரவ வேண்டும்? மேலே மட்டும் ஏன்? அங்கே ஈரமான ரத்தக்கசிவும் இருந்தது. யாரும் தொடாத புண்ணில் புது ரத்தம்.

யாரோ தொட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் "யார் கை வச்சது?" என்று கேட்டால் அந்த அறையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆட்களிடம் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கப்படுகிற கேள்வி அதுதான். அதற்கு வரும் பதில் மௌனம்தான்.

தனபாலிடம் திரும்பினேன். "அண்ணே, மேல அந்தக் கருப்பை உரிச்சப்ப, தானா கழண்டு வந்துச்சா, கொஞ்சம் இழுக்க வேண்டி இருந்துச்சா?"

"தானா எங்க சார் வந்துச்சி," என்றார் தனபால். "பிடிச்சிகினு இருந்துச்சி. இழுத்துதான்..."

நிறுத்திக்கொண்டார்.

"நீ எப்ப உரிச்ச?" என்றார் அஞ்சலை.

"நேத்து மத்தியானம். நீ வலி மாத்திர போட்டுகினு அசந்து தூங்கிகினு இருந்த. துணி வெலகி இருந்துச்சி, கருப்பா கெடந்துச்சி. நாளைக்கு பெரிய டாக்டரு வந்து பாப்பாரே, சுத்தமா இருக்கட்டும்னு..." அவர் குரல் இறங்கிவிட்டது. "உன் கையெல்லாம் நான்தான உரிச்சி வுடுவன். எப்பயும்."

அஞ்சலை திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "கேட்டுகினு செஞ்சிருக்கலாம்ல," என்று மட்டும் சொன்னார்.

சர்ஜன் சார் மறுபடி குனிந்தார். இந்த முறை அவரும் கீழ் ஓரத்தைப் பார்த்தார், பக்க ஓரங்களைப் பார்த்தார். புண்ணிலிருந்து தள்ளி, காலை மெதுவாக அழுத்தினார். அஞ்சலை கத்தவில்லை. சார் அதைத்தான் கவனித்தார் என்று நினைக்கிறேன். பேனாவை எடுத்து மேல்பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டார்.

"அது உனக்காகப் போட்ட கோடு. இது என் கோடு," என்றார் என்னிடம். "இதைத் தாண்டுச்சுன்னா நீ எந்த மேடத்துக்கு போன் போட்டாலும் கேக்க மாட்டேன்." பிறகு தனபாலைப் பார்த்தார். "நீங்க இங்க வர்றப்ப ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுல வச்சிக்கங்க."

தனபால் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே கைகளை அப்படி வைத்துக்கொண்டார்.

புண் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

அதன் பிறகுதான் நீண்ட வேலை. ஸ்டீராய்டைச் சிறுகச் சிறுகக் குறைக்க மாதங்கள் ஆயின. நடுவில் சர்க்கரை ஏறியது, முகம் ஊதியது. கம்பெனியில் "நல்லா சாப்புடற போல" என்று கேலி செய்தார்களாம். அதற்காக மாத்திரையைத் தானாகவே நிறுத்தப் பார்த்தார். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று உட்காரவைத்துச் சொன்னோம். இந்த முறை தனபாலையும் மகளையும் சேர்த்து உட்காரவைத்தோம். புண்ணோடு ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும் என்பது அந்தத் திங்கட்கிழமை கற்றது. பாண்டிச்சேரியில் குடலைப் பரிசோதித்தார்கள். அவர் மூலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது பெருங்குடல் அழற்சி. அதற்கும் மருந்து ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு நீங்கள் தப்பு செய்வீர்கள். அஞ்சலை டிஸ்சார்ஜ் ஆன சில நாளில் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு லாரி டிரைவர் பாதத்தில் கறுத்த புண்ணோடு வந்தார். ஓரம் ஊதா நிறமாகத் தெரிந்தது. எனக்கு உடனே மேடத்தின் நினைவு வந்தது. சர்ஜன் சார் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் காட்டினார். அது எலும்பில் போய் முட்டியது. அது சர்க்கரைப் புண், உள்ளே நிஜமான சீழ். அன்றைக்கே கத்தி வைத்ததால்தான் அந்தக் கால் பிழைத்தது. அபூர்வமான நோய் ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குப் பார்ப்பதெல்லாம் அதுவாகவே தெரியும். நூறு கறுத்த புண் வந்தால் ஏறக்குறைய நூறும் அஞ்சலையுடையது இல்லை. கத்தியா, காத்திருப்பா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வார்டுக்குள் போகாதீர்கள். சுத்தம் செய்யச் செய்யப் பெருக்கிறதா, வலி அளவுக்கு மீறி இருக்கிறதா, குத்தாத இடம் எப்படி இருக்கிறது, குத்திய இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன மாதம் அஞ்சலை செக்கப்புக்கு வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்தார். மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னார், மருந்துக் கவுன்டரில் இரண்டு முறை. டேபிளில் ஏறி உட்கார்ந்து சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். புண் இருந்த இடத்தில் தழும்பு, சல்லடையில் அழுத்தி எடுத்தது போல் குழிகுழியாக. சர்ஜன் சார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். தழும்பின் ஓரத்தில் காய்ந்த தோல் கொஞ்சம் கறுத்து, பாதி கிளம்பி நின்றது. அவர் என்னோடு பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, தட்டிலிருந்த சாமண இடுக்கியை எடுத்து அதை நோக்கிக் கொண்டுபோனார்.

அஞ்சலை காலை இழுத்துக்கொண்டார்.

"சார்," என்றார் தனபால் பின்னாலிருந்து. அவருடைய இரண்டு கையும் பாக்கெட்டில் இருந்தன.

சர்ஜன் சார் சாமணத்தைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தார். தட்டில் திருப்பி வைத்துவிட்டு, அவரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.